கைராசிக்காரி

முப்பது வயதுக்கு மேல் முகத்தில் பரு வந்தால் யாரும் பரிதாபப்படுவதில்லை, யோசனைதான் சொல்வார்கள். பதினாறில் வந்திருந்தால் வயசுக் கோளாறு என்று விட்டிருப்பார்கள். தங்கைக்கு முப்பத்தொன்றில் வந்தது. வந்து நான்கு வருடமாகியும் போகவில்லை. கன்னத்தில் காய்ந்தால் மோவாயில் முளைத்தது. மோவாயில் அமுங்கினால் நெற்றியில் எழும்பியது.

தண்ணீர் நிறையக் குடி என்றார்கள். தலையணை உறையை மாற்று என்றார்கள். வயிறு சுத்தமில்லை என்றார்கள். மனசு சுத்தமில்லை என்று மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. அதைக் கண்ணாடி முன் நின்று அவளே சொல்லிக்கொண்டாள். தோல் மருத்துவர் கொடுத்த களிம்பு பருவை விட்டுவிட்டுத் தோலை உரித்தது. அதன் பிறகுதான் அக்கா இந்த விவகாரத்தைத் தன் சமையலறைக்குள் கொண்டுவந்தாள்.

தங்கை குடியிருந்தது அக்கா வீட்டில்தான். அக்கா எட்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள். கல்யாணமாகி வந்தபோது தங்கையையும் ஒரு பெட்டியைப்போலக் கையோடு கூட்டிவந்தாள். அத்தானுக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், பகல் முழுக்க இருட்டுக் குழிக்குள் நிற்கிற மனிதர், வீட்டுக்கு வந்தால் வாயை மூடமாட்டார்.

"யாரு தலகாணில முட்டைய உடைச்சு ஊத்தினது?" என்றார் ஒரு காலையில், உறையைத் தூக்கிக் காட்டி.

"முட்டை இல்லீங்க, மஞ்சள். தடவிட்டு அப்படியே தூங்கிட்டா" என்றாள் அக்கா.

"அப்ப உப்பு மிளகாவது போட்டிருக்கலாம். ஏம்மா பாவக்கா, இன்னிக்கு மூஞ்சிக்கு என்ன, உருளைக்கிழங்கா?"

"அது போன வாரமே ஆச்சு அத்தான். இன்னிக்கு ஓட்ஸும் தேனும்."

"எனக்குக் காஞ்ச ரொட்டி. என்னைவிட அவ மூஞ்சி நல்லா சாப்பிடுதுடி இந்த வீட்டுல!"

பாவக்கா என்று கூப்பிட அவருக்கு மட்டும் உரிமை உண்டு. வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள்.

வைத்தியம் பலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அதுதான் விசித்திரம். வெள்ளரிச் சாறு வைத்தால் சிவப்பு அடங்கியது. கற்றாழைச் சோறு தடவினால் வீக்கம் வடிந்தது. ஆனால் அதற்குள் வேறோர் இடத்தில் புதிதாக ஒன்று. அந்தப் புதியதும் பழையதின் உறவாகத் தெரியாது. சில கடுகுபோல் இறுகி இருந்தன. சில நீர் கோத்துப் பளபளத்தன. சில வலித்தன, சில அரித்தன. ஒரே முகத்தில் பல பேர் வந்து தங்கிப் போவதுபோல அவளுக்குத் தோன்றும். தோன்றியதை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் வேலை பார்த்த ஸ்டூடியோ, ஜெராக்ஸ் கடைக்கும் சாவி செய்கிறவருக்கும் நடுவே ஒடுங்கியிருந்தது. அடையாள அட்டை, பாஸ்போர்ட், வேலை விண்ணப்பம் என்று முகம் மட்டும் எடுக்கிற கடை. முன்னால் வெள்ளைத் துணி, ஒரு முக்காலி, இரண்டு விளக்கு, அங்கே முதலாளி. பின்னால் திரைச்சீலைக்கு உள்ளே ஒரு கணினி, அங்கே தங்கை. படம் பிடித்த முகங்களைச் சுத்தம் செய்வது அவள் வேலை. அதற்கு ஒரு விதி உண்டு. மச்சத்தையும் தழும்பையும் தொடக்கூடாது, அவை ஆளின் அடையாளம். பரு வந்துபோகிற விருந்தாளி, அதை எடுக்கலாம். பக்கத்து நல்ல தோலிலிருந்து ஒரு துளியைப் பிரதி எடுத்து, பருவின் மேல் ஒற்ற வேண்டும். ஒற்றினால் அந்த இடத்தில் எதுவுமே இருந்ததில்லை என்று ஆகிவிடும்.

வருகிறவர்கள் திரைச்சீலையை விலக்கி அவள் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். திரையில் விரல் வைத்து, "இத மட்டும் கொஞ்சம் எடுத்துடுங்க" என்பார்கள்.

அவள் திரும்பாமலே சொல்வாள்: "கவலைப்படாதீங்க, நான் எடுத்துக்கிறேன்."

அவள் வாய்க்கு அப்படித்தான் வரும். பாத்திரமா, துணியா, கடைக்குப் போவதா, எதற்கும் 'நான் பாத்துக்கிறேன்' என்று சொல்லிப் பழகிய வாய்.

"நம்ம பொண்ணுக்குக் கைராசிங்க" என்பார் முதலாளி, வாசலில் தயங்குகிறவர்களிடம். "படத்துல எடுத்தா நிஜத்துலயும் போயிடுதுன்னு ஜனங்க திரும்பத் திரும்ப வர்றாங்க." வியாபாரத்துக்காக அளக்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஒருநாள் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற ஓர் ஆள் வந்தான். மூக்கு நுனியில் சிவந்து பழுத்த பரு.

"மேடம், எப்படியாவது எடுத்துடுங்க. லைசென்சுக்குப் படம். இதோட மாட்டினா வருஷக் கணக்கா போலீஸ்காரன் என் மூக்கப் பார்த்துதான் சிரிப்பான்."

"கவலைப்படாதீங்க, நான் எடுத்துக்கிறேன்."

மறுநாள் காலையில் அவள் மூக்கு நுனியில் அது இருந்தது. அத்தான் பார்த்துவிட்டு, "பாவக்காயில தக்காளி காய்ச்சிருக்கு, வந்து பாருடி!" என்று அக்காவைக் கூப்பிட்டார். அக்கா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தாள். தங்கை முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மதியம் தண்ணீர் குடிக்கக் கவசத்தை இறக்கிய நேரத்தில் அந்த ஆள் படம் வாங்க உள்ளே வந்தான். அவன் மூக்கு துடைத்து வைத்ததுபோல இருந்தது.

"காலைல எந்திரிச்சுப் பார்த்தா காணோம் மேடம்! அட, உங்களுக்கு… என்னுது மாதிரியே இருக்கே." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு படங்களை உறையிலிருந்து எடுத்துக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

அவள் கணினியில் அவனுடைய கை வைக்காத படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். பருவின் உச்சியில் முரட்டு முடி ஒன்று, மழித்து வளர்ந்த தாடி முடிபோல, நீட்டிக்கொண்டிருந்தது. மெதுவாகத் தன் மூக்கு நுனியைத் தடவினாள். விரலில் குத்தியது.

அன்று வீட்டில் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தேன் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நடக்கக்கூடாத விஷயம் தனக்குப் புரிந்துவிடக்கூடாது என்பதுதான் அப்போது அவளுடைய ஒரே கவலை.

புரியவைத்தது ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, புருவங்களுக்கு நடுவே இருந்த பருவைக் காட்டினார்.

"நான் எடுத்துக்கிறேன்" என்றாள் தங்கை.

"ஏம்மா, உனக்கு வேணுமா?"

"என்னது?"

"எடுத்துக்கிறேன்னு சொன்னியே. அப்படின்னா தனக்குன்னு எடுத்துக்கிறது. எடுத்துடறேன்னு சொல்லு. நடுவுல 'க்' வந்தா உனக்கு, 'ட' வந்தா குப்பைக்கு." அவரே சிரித்துவிட்டார். "தப்பா நினைக்காத. நாள் பூரா இதே பிழைப்பு, வாய் சும்மா இருக்கமாட்டேங்குது."

அவர் போன பிறகு வெகுநேரம் அவள் கைகள் மடியிலேயே கிடந்தன. பக்கத்துக் கடையில் சாவி ராவுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்துதான் பரு. இடையில் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது ஒன்றுகூட வரவில்லை. காய்ச்சல் பருவைச் சுட்டுவிட்டது என்று அக்கா அப்போது சொல்லியிருந்தாள்.

அடுத்து வந்தவர் ஒரு வங்கி ஊழியர். "இத எடுத்துடுங்க" என்றார். அவள் நாக்கு பழைய தடத்திலேயே புரண்டது. அடக்கி, மென்று, "எடுத்துடறேன்" என்றாள். மறுநாள் கண்ணாடியில் புருவங்களுக்கு நடுவே பிழை திருத்துகிற அம்மாளின் பரு மட்டும் வந்திருந்தது. வங்கி ஊழியரின் பரு வரவில்லை. அதன் பிறகு எதுவும் வரவில்லை.

அக்காவிடம் மட்டும் சொன்னாள். அக்கா கற்றாழை மடலைச் சீவிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அப்ப நான் நாலு வருஷமா இதச் சீவினது எதுக்குடி? வெளிய சொல்லாத, பிடிச்சுக் கட்டிப்போட்டுடுவாங்க. ஒண்ணு மட்டும் பாத்துக்கோ, எவளாவது வந்து எம் புருஷன எடுத்துடுன்னு கேட்டா, அப்ப மட்டும் வாயத் திறக்காத."

"யாரு? என்னையா கேக்கறா? நல்ல இடம்னா சொல்லு, போறேன்" என்றார் அத்தான் கூடத்திலிருந்து.

தங்கையும் சிரித்தாள். சிரிக்கும்போது கன்னம் இழுக்காதது அவளுக்கே புதிதாக இருந்தது.

முகம் தெளிந்தது. வாசல் தாண்டும்போது துப்பட்டாவை இழுத்துவிடுகிற கை சும்மா இருக்கக் கற்றுக்கொண்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிகிற முகத்தைத் தெரிந்தவர் முகம்போலப் பார்த்துக்கொண்டு போனாள். அக்கா அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் கற்றாழையின் பெருமையைச் சொல்லித் தீர்த்தாள். ஸ்டூடியோவில்தான் முணுமுணுப்பு. "கைராசி எங்க போச்சு?" என்றார் முதலாளி, பாதி விளையாட்டாக. ஒரு பெண், எந்த அட்டையும் தேவைப்படாதவள், படம் எடுத்துக்கொள்வதற்கென்றே மறுபடி வந்தாள். கன்னம் முழுக்கப் புண்ணாகியிருந்தது. "முன்ன நீங்க எடுத்தா போயிடுமே?" என்று தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். தங்கை திரையைப் பார்த்தபடியே இருந்தாள். அந்தப் பெண் நிற்கிற சத்தம், பிறகு போகிற சத்தம். தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்வது இத்தனை கல்நெஞ்சு கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அக்காவின் நெற்றிப்பொட்டில், முடி தொடங்குகிற இடத்தில், அந்தக் கரும்புள்ளி எப்போது வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. "பருடி" என்றாள் அக்கா. "உனக்குப் போனது எங்க போகும், எனக்குத்தான் வரும்." தேன் தடவினாள். கற்றாழை தடவினாள். ஓரம் கிழிந்த காகிதம்போல அது பரவியது. அத்தான் பிடிவாதமாக மருத்துவரிடம் கூட்டிப்போனார். மருத்துவர் விளக்கைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, இது பரு இல்லை, வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், தள்ளிப்போடக்கூடாது என்றார். வீடு திரும்பிய அத்தான் ரொட்டியைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு சாப்பாடு நடந்ததே இல்லை.

ஆஸ்பத்திரி அட்டைக்குப் படம் வேண்டியிருந்தது. முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தாள். முக்காலியில் உட்கார்ந்தவள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். தங்கையே படம் பிடித்தாள். பிறகு அக்கா திரைச்சீலையை விலக்கி உள்ளே வந்து, மற்ற எல்லோரும் நிற்கிற இடத்தில், அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

திரையில் அந்தப் புள்ளி உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது.

"இத எடுக்கலாமாடி?"

"இது மச்சக் கணக்குல வரும்க்கா. தொடக்கூடாது."

"பருன்னு நினைச்சுக்கோயேன்."

"சரி. எடுத்துட…"

"அப்படி இல்லடி." அக்காவின் கை அவள் தோள்மேல் வந்து அமர்ந்தது. "முன்ன எல்லார்கிட்டயும் சொல்லுவேன்னு சொன்னியே. அந்த மாதிரி."

தங்கை திரும்பவில்லை. "நீதான சிரிச்ச."

"சிரிச்சேன்தான்."

வெளியே யாரோ ஜெராக்ஸ் கடையில் பேரம் பேசினார்கள்.

"ஒரு வார்த்தைதானடி. பொய்யா இருந்தா உனக்கு ஒண்ணும் ஆயிடப் போறதில்ல."

"நிஜமா இருந்தா?"

அக்கா தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்தக் கையில் வெள்ளரி வாசனை இருந்தது. அது எத்தனை காலை இந்த முகத்தின் மேல் ஊர்ந்திருக்கிறது என்று தங்கை நினைத்தாள். யாருடையது என்றே தெரியாத சீழைத் துடைத்த கை. திரும்பி முகத்தைப் பார்த்துவிட்டால் கோபம் வந்துவிடும் என்று பயந்தாள். வந்தால் நல்லது என்றும் தோன்றியது. திரும்பவில்லை.

நல்ல தோலிலிருந்து ஒரு துளியை எடுத்தாள். புள்ளியின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"கவலைப்படாதக்கா" என்றாள். "நான் எடுத்துக்கிறேன்."

அக்கா விட்ட மூச்சு கழுத்தில் பட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மருத்துவர் அட்டையைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், தன் குறிப்பைப் பார்த்தார். விளக்கை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு, வெட்ட இங்கே ஒன்றுமில்லையே என்றார். அத்தான் வரும் வழியிலேயே பழம் வாங்கிக்கொண்டு வந்தார். "பாவக்கா, உங்கக்காவுக்கு லிஃப்ட் கீழ விழாம நடு மாடியில நின்னுடுச்சு! அந்த ஆளு மூஞ்சியப் பார்த்திருக்கணும் நீ, அப்படியே…" என்று ஆரம்பித்தவர், தங்கை முடியை ஒதுக்கிய நொடியில் அவள் நெற்றிப்பொட்டைப் பார்த்தார். பழப் பையை மேசையில் வைத்துவிட்டு, ஏற்கெனவே கழுவியிருந்த வண்டியைக் கழுவப் போனார்.

அக்கா சமையலறையில் அம்மியில்லாத குறைக்கு மிக்ஸியை ஓடவிட்டாள். ஓட்ஸ், தேன், கற்றாழை, வெள்ளரி என்று இதுவரை தனித்தனியாகப் போட்டதையெல்லாம் ஒன்றாக அரைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டு, "வாடி, உக்காரு" என்றாள்.

"டாக்டர்கிட்ட காட்டணும்க்கா."

"காட்டலாம். டாக்டர் எங்க ஓடிப்போகப் போறார்? முதல்ல கொஞ்ச நாள் நம்ம வைத்தியம் பாப்போம். எனக்கு இதுலதான போச்சு."

"இதுல போகலக்கா. உனக்கே தெரியும்."

அக்கா பூச்சை அள்ளி அவள் மோவாயில் தொடங்கினாள். கன்னம், மூக்கு, நெற்றி. ஓர் இடம் விடாமல், சுவரில் சுண்ணாம்பு பூசுகிற சிரத்தையோடு. உதட்டோரத்தில் தடிமனாக வைத்தாள். "பேசாத. பேசினா வெடிச்சிடும்."

குளிர்ச்சி இறுகத் தொடங்கியது. தங்கை கண்ணை மட்டும் உயர்த்தினாள். அக்காவின் நெற்றிப்பொட்டு, குழந்தையினுடையதுபோல, எதுவுமே இருந்ததில்லை என்பதுபோல இருந்தது. அக்கா அவள் கண்ணைப் பார்க்கவில்லை. கடைசி விரல் பூச்சை அந்தக் கரும்புள்ளியின் மேல் வைத்து, வட்டமாக, மெதுவாகத் தேய்த்தாள்.

"இது ஒரு விஷயமாடி. நானாச்சு. பாரு, நான் எடுத்து…"

விரல் நின்றது. வெளியே வண்டியின் மேல் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு, நாக்கை ஓரிடத்தில் ஊன்றி, சிறு பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதுபோலத் தெளிவாகச் சொல்லி முடித்தாள்.

"…எடுத்துடறேன்."